தீயணைந்த பின்னும் வேகும் உலை

சோறு வேகத் தீ வேண்டியதில்லை, வெப்பநிலையே வேண்டும். அரிசியின் மாப்பொருள் நீரை உறிஞ்சி இளக ஏறத்தாழ 70 பாகை செல்சியசு போதும். அது போதிய நேரம் நிலைத்தால் சரி. கொதிநிலையை எட்டிய நீரோ, எத்தனை விறகைத் தள்ளினும் 100 பாகைக்கு மேல் ஏறாது. மிகுதி வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே கழிகிறது.

ஒரு கிலோ நீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்க ஏறத்தாழ 293 கிலோயூல் வெப்பம் செல்லும். அதே நீரை முற்றும் ஆவியாக்கவோ 2,257 கிலோயூல் வேண்டும். உலர்ந்த விறகு ஒரு கிலோவில் 15,000 கிலோயூல் அளவுக்கு வெப்பம் உண்டு; எனினும், திறந்த மூன்று கல் அடுப்பு அதில் ஏழிலொரு பங்கையே பானைக்குச் சேர்க்கும். ஆகவே, கொதிக்கும் உலையிலிருந்து ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் போயின், ஏறத்தாழ ஒரு கிலோ விறகும் அதனோடு போயிற்று.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் ஒன்றான புங்குடுதீவில் இவ்விழப்பு பெரிது. காடற்ற தீவு அது. காவோலையும் பன்னாடையும் பொச்சுமட்டையுமே அடுப்புக்கு உணவு. சோளகம் வீசும் மாதங்களில், கடலைக் கடந்து தடையின்றி வரும் காற்று பானையின் சூட்டை மேற்காவுகையால் அள்ளிச் செல்லும். எரிவாயுவோ வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியே வரவேண்டும். 2022இல் இலங்கை எங்கும் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் அரிதானபோது, வெளியிலிருந்து வரும் எரிபொருளை நம்பிய குசினிகள் எவ்வளவு நலிந்தவை என்பது விளங்கிற்று.

இவ்விழப்பைக் குறைக்க ஒரு வழி, கொதித்த பானையை இறக்கி அதன் சூட்டை அடைத்து வைக்கும் பெட்டி. அது புதியதன்று. 1867இல் பாரிசுப் பொருட்காட்சியில் நோர்வே நாட்டுப் பெட்டியொன்று உலகின் கண்ணிற் பட்டது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் 'சூடாறாப் பெட்டி'யை வீடுதோறும் பரப்பியது. தீவில் இதற்குக் கடைப்பொருள் எதுவும் வேண்டா. பெரிய கடகமொன்றில் தென்னந்தும்பையோ வைக்கோலையோ நான்கு விரற்கடை தடிப்புக்குக் குறையாமல் அடைத்து, நடுவே பானைக்கு இடம் விட்டு, மேலே தும்பு நிரப்பிய சாக்குத் தலையணையால் மூடினால் போதும். காப்பது தும்பன்று, அதனிடையே அசையாது நிற்கும் காற்றே. நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றினதைப் போல் இருபது மடங்கிற்கும் மேலானது. எனவே, உப்புக்காற்றில் ஈரித்த தும்பு பயன்படாது. வெயிலிற் காயப்போட்டே பாவிக்க வேண்டும்.

பானை நிறைந்திருத்தலும் முதன்மையானது. நீர் மிகுந்தால் சேமித்த வெப்பமும் மிகும். அரைப்பானை விரைவில் ஆறும். அரிசியை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறுக மூடி, உடனே கடகத்தில் இறக்கினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சோறாகும். இரவூறிய கடலைக்குக் கால் மணிக் கொதிப்பும் மூன்று மணிப் பொறுமையும் வேண்டும். சூடு 60 பாகைக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகத் தொடங்கும். அரிசியில் உறங்கும் சில நுண்விதைகள் கொதிநிலையிலும் சாவதில்லை. ஆதலால், பெட்டியில் இரவு முழுதும் விட்டுவைத்தல் தகாது.

ஒடியற் கூழுக்கு இடும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் அரிசியும் இப்பெட்டியிலேயே வெந்துவிடும். மீனும் நண்டும் ஒடியல் மாவும் சேர்க்க மட்டும் பானை மீண்டும் அடுப்பேறினால் போதும். மரவள்ளிக்கு மட்டும் இம்முறை ஆகாது. அதனைத் திறந்த பானையில் அவிக்க வேண்டுமென்று எம் மூத்தோர் வற்புறுத்தியதில் நல்ல வேதியியல் உண்டு: கிழங்கிலிருந்து வெளிப்படும் ஐதரசன் சயனைட்டு 26 பாகையிலேயே கொதித்து ஆவியாவது; மூடி வைத்தால் அது வெளியேற வழியின்றிப் போகும்.