நாடா முடிச்சின் கீழ் ஒரு கறுப்புப் புண்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு செஞ்சி மலைகளின் அடிவாரப் புதர்கள் தழைத்துவிடும். வல்லம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லை வரப்புகளிலும் புல் மண்டிக் கிடக்கும். ஆடு ஓட்டுகிறவரும் விறகு பொறுக்குகிறவரும் அதற்குள் புகுந்துதான் வரவேண்டும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கிறபோது அந்தப் புதர் யாருக்கும் நினைவிருக்காது.

பெயரில் ஒரு குழப்பம்

ஸ்கரப் டைபஸ் என்ற இந்தக் காய்ச்சலை உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். மாட்டிலும் நாயிலும் ஒட்டும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடிப்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். கடித்ததே தெரியாது.

வேலூர் சி.எம்.சி.யும் லண்டன் ஆய்வாளர்களும் 2020 ஆகஸ்ட் முதல் இரண்டு ஆண்டுகள், தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைக் கவனித்து வந்தார்கள். காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்வதற்கு இந்த நோய் ஒரு முக்கியக் காரணம் என்று தெரியவந்தது.

ரத்தக்குழாய்க்குள் நடப்பது

சிற்றுண்ணிக் குஞ்சு கடிக்கும்போது உடம்புக்குள் வரும் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியாதான் நோய்க்குக் காரணம். அது வெளியே தனித்து வாழாது. ஏதாவது ஒரு செல்லுக்குள் புகுந்தாக வேண்டும். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஓடு பதித்ததுபோல் ஒற்றை வரிசையாக அமைந்த செல்கள் அதற்குத் தோதான இடம்.

நம் திசுக்களை ஒட்டவைக்க ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் உண்டு. கிருமியின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. ஃபைப்ரோனெக்டினின் மறுமுனையைப் பிடிக்கச் செல்லின் மேல் இன்டெக்ரின்கள் இருக்கின்றன. நம் பசையை வைத்தே நம் சுவரில் ஒட்டிக்கொள்கிறது! செல்லும் தன் சரக்கென்று நினைத்து அதை ஒரு பைக்குள் வாங்கிக்கொள்கிறது. கிருமி பையைக் கிழித்து வெளியேறி, செல்லின் உள்போக்குவரத்துப் பாதையிலேயே சவாரி செய்து உட்கரு அருகே போய்ப் பெருகுகிறது.

சுவர் புண்பட்டால் குழாய் கசியும். நீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு முட்டும். ரத்த அழுத்தம் விழும், சிலருக்கு மூளையும் பாதிக்கப்படும். ஒரு கடி உடம்பு முழுவதையும் படுக்கவைப்பது இப்படித்தான்.

எங்கே பார்ப்பது?

கடித்த இடத்தில் பீடி நெருப்பால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு என்று மறைவிடமாகப் பார்த்து இருக்கும். கூச்சத்தில் பெண்கள் சொல்வதில்லை. அவசரத்தில் மருத்துவர்களும் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் இந்தப் பொருக்கு வராது என்பதால், இல்லாவிட்டாலும் நோய் இல்லையென்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல் ஐந்து நாள் தாண்டினால், "காட்டுப்பக்கம் போனேன்" என்று நீங்களே சொல்லுங்கள். ஐ.ஜி.எம். எலிசா ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

மருந்து

பென்சிலின் வகை ஊசிகள் இதற்குப் பலிக்காது. டாக்ஸிசைக்ளின் கேட்கும், விலையும் குறைவு. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். நோய் முற்றியவர்களுக்கு ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்து ரத்தநாளம் வழியே ஏற்றுவது மேல் என்று இந்தியாவில் 794 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. தடுப்பூசி இன்னும் வரவில்லை. புதரில் வேலை முடிந்து வந்ததும் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பதும், கழற்றிய துணியைப் பாயில் போடாமல் வெந்நீரில் அலசுவதும்தான் இப்போதைக்கு நம் கையில் இருப்பவை.