சிசேரியன்: எத்தனை என்பதல்ல, யாருக்கு?

"இப்ப எல்லாருக்கும் வெட்டித்தானே பிள்ளை எடுக்கினம்" என்று கிளினிக்கில் தாய்மார் குறைப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். சிசேரியன் வீதம் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்ட நியாயமில்லை என 1985இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. 2015இலோ, வீதத்தைவிடத் தேவையான தாய்க்கு அது கிடைப்பதே முக்கியம் என்றது. வைத்தியசாலைகள் ரொப்சன் முறைப்படி தாய்மாரைப் பத்துப் பிரிவாக்கிக் கணக்கெடுக்கவும் பரிந்துரைத்தது. முதற் பிரசவமா, முன்பு சிசேரியனா, இரட்டையா, மாதம் நிறைந்ததா, வலி தானாக வந்ததா எனப் பிரிப்பார்கள்.

சிக்கலான தாய்மார் அனுப்பப்படும் பெரிய வைத்தியசாலையில் வீதம் கூடுவது இயல்பு. சிக்கலில்லாத முதற் பிரசவங்களில் கூடினால் காரணம் தேடவேண்டும். முதல் சிசேரியன் பலருக்கு அடுத்ததற்கும் வழிவகுக்கிறது.

சகோதரிகளே, உங்களுக்குச் சிசேரியன் நடந்தால் காரணத்தைக் கேளுங்கள். வீடு திரும்பும்போது தரும் அட்டையில் அது எழுதப்பட்டுள்ளதா எனப் பார்த்து, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பிரசவத்தைத் தீர்மானிக்க அது உதவும்.