ஹூடியா கோர்டோனியை

ஹூடியா கோர்டோனியை என்பது தென்னாப்பிரிக்கா, நமீபியா ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களில் வளரும் சதைப்பற்றுள்ள தாவரமாகும். கலகாரிப் பாலைநிலப் பகுதிகளில் வாழும் சான் மக்கள், வேட்டைக்குச் செல்லும்போது பசியையும் தாகத்தையும் தணிக்க இதன் தண்டை நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். இந்த மரபறிவை அடிப்படையாகக் கொண்டு 1990களில் பெறப்பட்ட காப்புரிமையும், அதனையொட்டி எழுந்த பிணக்கும் இத்தாவரத்தை உலகறியச் செய்தன.

பெயர்

ஹூடியா என்னும் பேரினப் பெயர், சதைப்பற்றுத் தாவரங்களை வளர்த்த வான் ஹூட் என்பவரின் நினைவாக இடப்பட்டது. கோர்டோனியை என்னும் சிற்றினப் பெயர், 18ஆம் நூற்றாண்டில் ஆரஞ்சு ஆற்றுப் பகுதியில் பயணம் செய்த படை அதிகாரி இராபர்ட் யாக்கோபு கோர்டனைக் குறிக்கும். சான் மக்களின் மொழியில் இது ஃகோபா என்பதை ஒத்த ஒலிப்புடன் அழைக்கப்படுகிறது. ஆப்பிரிக்கான மொழியில் இதற்குக் 'காப்' என்னும் பெயர் உண்டு.

தோற்றமும் வளர்ச்சியும்

முட்களுடன் நிமிர்ந்து நிற்கும் தண்டுகளைக் கண்டு பலர் இதனைக் கள்ளி எனக் கருதுவர். எனினும் இது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எருக்கு இடம்பெறும் அப்போசைனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. வறண்ட சூழலுக்கேற்ப இரு வேறு குடும்பங்கள் தனித்தனியே ஒரே வகை உருவத்தைப் பெற்றிருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள் ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் வரை வளரும். இலைகள் இல்லாமையால் பச்சைத் தண்டே ஒளிச்சேர்க்கையை மேற்கொள்கிறது. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால், இத்தகைய தாவரங்கள் இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமித்து, பகலில் பயன்படுத்துகின்றன.

பூக்கள் தட்டு வடிவில், சதை நிறம் முதல் செம்பழுப்பு நிறம் வரை இருக்கும். இவற்றிலிருந்து அழுகிய இறைச்சியின் நாற்றம் வீசும். அந்நாற்றத்தால் ஈர்க்கப்படும் ஈக்களே மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. கொம்பு போன்ற இணைக்காய்கள் வெடித்ததும், எருக்கின் விதைகளைப் போலவே பஞ்சிழைகள் கொண்ட விதைகள் காற்றில் பரவுகின்றன.

மரபுவழிப் பயன்பாடு

தண்டை வெட்டி, முட்களையும் மேற்தோலையும் நீக்கியபின் உள்ளிருக்கும் சாறு மிகுந்த பகுதி பச்சையாகவே உண்ணப்படுகிறது. இது கசப்புச் சுவையுடையது. நீர் கிடைக்காத நிலத்தில் பல நாட்கள் விலங்கைப் பின்தொடரும் வேட்டைக்காரருக்கு இது துணையாக இருந்தது. செரிமானக் கோளாறுகளுக்கும் இது பயன்படுத்தப்பட்டது. வறண்ட பகுதிகளில் ஆடு மேய்ப்போரும் இதனை உண்டுள்ளனர்.

இதன் உறவுத் தாவரமான கள்ளிமுளையான் தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் வளர்கிறது. அதன் இளந்தண்டைப் பச்சையாக உண்பதும் துவையலாக அரைப்பதும் வழக்கம். அதற்கும் பசியை அடக்கும் தன்மை உண்டென மக்கள் கருதுகின்றனர்.

ஆய்வும் காப்புரிமையும்

தென்னாப்பிரிக்காவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் 1963இல் காட்டு உணவுத் தாவரங்களை ஆராயத் தொடங்கியது. சான் மக்களின் உணவுப் பழக்கம் பற்றிய பதிவுகளே ஹூடியாவைத் தெரிவு செய்ய வழிகாட்டின. பசியடக்கும் கூறாகக் கருதப்பட்ட, பின்னர் பி57 எனப் பெயரிடப்பட்ட சேர்மத்துக்கு 1995இல் காப்புரிமை கோரப்பட்டது. இவ்வுரிமம் பிரித்தானியாவின் ஃபைட்டோஃபார்ம் நிறுவனத்துக்கும், அதன் வழியாக 1998இல் ஃபைசர் நிறுவனத்துக்கும் வழங்கப்பட்டது. இவற்றில் எந்தக் கட்டத்திலும் சான் மக்களின் ஒப்புதல் பெறப்படவில்லை.

2001இல் இச்செய்தி ஊடகங்களில் வெளியானது. ஹூடியாவைப் பயன்படுத்திய மக்கள் அழிந்துவிட்டனர் என ஃபைட்டோஃபார்ம் தரப்பு எண்ணியிருந்ததாகவும் அப்போது செய்தி வந்தது. ஆனால் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஏறத்தாழ 1,00,000 சான் மக்கள் வாழ்ந்து வந்தனர். மரபறிவை உரியவர்களின் இசைவின்றி வணிகமாக்குவது உயிரியற் கொள்ளை எனப்படும். 1992ஆம் ஆண்டின் பல்லுயிரியம் தொடர்பான உடன்படிக்கை, இத்தகைய அறிவின் பயனை உரிய சமூகங்களுடன் பகிர்வதை வலியுறுத்துகிறது.

நலப்பகிர்வு ஒப்பந்தம்

பேச்சுவார்த்தைகளின் பின் 2003 மார்ச்சில் ஆய்வு மன்றத்துக்கும் தென்னாப்பிரிக்க சான் பேரவைக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன்படி ஆய்வு மன்றம் பெறும் உரிமத்தொகையில் 6 விழுக்காடும், ஆய்வின் படிநிலைகள் நிறைவேறும்போது கிடைக்கும் தொகையில் 8 விழுக்காடும் சான் மக்களுக்கு உரியவை. விற்பனை வருவாயில் நேரடிப் பங்கு இல்லை என்பதும், ஆய்வு மன்றம் பெறும் தொகையே சிறியது என்பதும் இதன் குறைகளாகச் சுட்டப்பட்டன. ஆயினும், ஒரு பழங்குடியின் அறிவுக்கு உரிமை உண்டென்பதை ஏற்ற தொடக்ககால ஒப்பந்தங்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

வணிக முயற்சியின் முடிவு

ஃபைசர் 2003இல் விலகியது. 2004இல் இணைந்த யூனிலீவர் நிறுவனமும், பாதுகாப்பும் பயனும் போதுமானவையாக இல்லை எனக் கூறி 2008இல் விலகியது. 2011இல் வெளியான ஆய்வொன்றில், மிகை எடையுள்ள 49 பெண்களுக்கு 15 நாட்கள் ஹூடியா சாறு அல்லது அதற்கு ஈடான வெற்றுணவு கொடுக்கப்பட்டது. உண்ணும் அளவிலோ உடல் எடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, சாறு உண்டவர்களிடம் குமட்டல், வாந்தி, இரத்த அழுத்த உயர்வு முதலியன கூடுதலாக இருந்தன. எனவே எடைகுறைப்பு மருந்தாக இதன் பயன் நிறுவப்படவில்லை. எதிர்பார்க்கப்பட்ட பெருந்தொகையும் சான் மக்களைச் சென்றடையவில்லை.

எனினும் இவ்வழக்கில் பெற்ற பட்டறிவு வீண்போகவில்லை. 2019இல் ரூயிபொசு தேயிலைத் தொழில் துறையினர் சான், கோய் மக்களுடன் நலப்பகிர்வு ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

பாதுகாப்பு

எடைகுறைப்பு விளம்பரங்களால் 2000களில் காட்டுச் செடிகள் பெருமளவில் பிடுங்கப்பட்டன. மெதுவாக வளர்ந்து, பூக்கச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இத்தாவரத்துக்கு இது பெருங்கேடாகும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஹூடியா பேரினம் 2004இல் சேர்க்கப்பட்டது. இதனால் ஏற்றுமதிக்கு உரிய அனுமதி கட்டாயமானது. அக்காலத்தில் ஹூடியா எனும் பெயரில் விற்கப்பட்ட மாத்திரைகள் பலவற்றில் இத்தாவரம் சிறிதும் இல்லை என்பது ஆய்வுகளில் தெரியவந்தது.