தும்பிக்கை வைத்த லை

அம்மா எழுதிக்கொடுத்த மளிகைப் பட்டியலைக் கையில் வாங்கிய கடைப் பையன் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். "அண்ணே, இது என்ன எழுத்து?" என்றான். கடலைப் பருப்பு. ல-வுக்கு முன்னால் இணைக்கொம்பு போடாமல், அதன் தலையோடு சேர்த்து ஒரு தும்பிக்கையைத் தூக்கி வைத்திருந்தாள் அம்மா. அவள் பள்ளியில் படித்த காலத்து லை அது. பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நான்தான் படித்துச் சொன்னேன். கடலை, வெற்றிலை, வாழையிலை என்று பட்டியல் முழுக்க யானைகள்.

எழுத்து என்றால் கல்லில் செதுக்கியதுபோல மாறாமல் இருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். கல்லில் செதுக்கிய எழுத்தே மாறித்தான் வந்திருக்கிறது. மாங்குளம் குகையின் தமிழ் பிராமி எழுத்தை நம்மில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. பாண்டிய நாட்டில் வழங்கிய வட்டெழுத்தும் அப்படித்தான். சோழர்கள் அங்கே கால் வைத்த பிறகு அது மெல்ல ஒதுங்கி, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிற தமிழ் எழுத்து இடம் பிடித்தது. எழுதும் கருவி மாறும்போதும் ஆளும் கை மாறும்போதும் எழுத்தின் உடம்பும் மாறும்.

ஓலையில் எழுதுவதை இன்று நாம் பேனாவை வைத்துக் கற்பனை செய்துகொள்கிறோம். அது தலைகீழான வேலை. பேனா ஓடும், காகிதம் கிடக்கும். ஓலையிலோ எழுத்தாணி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, இடக்கை ஓலையை நகர்த்திக்கொடுக்கும். இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, பிறைபோல வெட்டி, அந்தப் பள்ளத்தில் எழுத்தாணியைச் சாய்த்துக்கொள்வார்கள். கீறி முடித்த ஓலையில் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியையும் இலைச் சாற்றையும் தடவித் துடைத்தால்தான் கீறலில் மை தங்கி எழுத்து எழுந்து வரும். எழுத்தாணியிலும் வகைகள் உண்டு: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, கத்தியோடு மடங்குகிற மடக்கெழுத்தாணி.

ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுவதால் நேர்க்கோடு இழுத்தால் கிழிந்துவிடும், அதனால்தான் நம் எழுத்துகள் வளைந்தன என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒடியாவையும் மலையாளத்தையும் பார்த்தால் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் தமிழில் ட, ப, ம எல்லாம் அடிக்கோட்டை நீட்டிக்கொண்டு அதே ஓலையில்தான் உட்கார்ந்திருந்தன. பாதிக் காரணத்தை முழுக் காரணமாகச் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

புள்ளி விஷயத்தில் ஓலையின் கை ஓங்கியது என்பது நிச்சயம். அழுத்தி வைத்தால் ஓட்டை விழும். ஆகவே மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொன்னதும் அதோடு போயிற்று. காலும் ரகரமும் ஒரே உருவம். ஏட்டில் இருப்பது பரவையா பாவையா, பெறுவா பேறா, கொள்ளா கோளா என்பதைச் சொல் வந்த இடத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டில் பாதி இந்தப் பாடுதான். இன்று நாம் எ-வுக்கும் ஏ-வுக்கும், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் காட்டுகிற வேறுபாடு வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் போட்ட ஒரு சுழி, நமக்கு இன்று ஆதியிலிருந்தே இருந்ததுபோல் தெரிகிறது.

அச்சு வந்தபோது எழுத்து கையை விட்டு ஈயத்துக்குப் போனது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தபோது தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். அவை அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. கடைசியில் தரங்கம்பாடியிலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். அதுவரை எழுதுகிற கைக்கு ஏற்ப எழுத்தின் அளவு கூடிக் குறைந்தது. இப்போது காகிதச் செலவு அளவைச் சொன்னது.

தும்பிக்கைக்கு ஆபத்தும் அச்சுக்கூடத்திலிருந்துதான் வந்தது. கோக்கும் ஆளுக்கு முன்னால் இருக்கிற பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அறை. கை, தை, பை எல்லாம் இணைக்கொம்போடு ஒழுங்காக வரும்போது ணை, லை, ளை, னை நான்கு மட்டும் தும்பிக்கையோடு தனி அறை கேட்கும். ணா, றா, னா மூன்றும் காலை வாலாகச் சுருட்டிக்கொண்டு இன்னும் மூன்று அறை. பத்திரிகை நடத்திய பெரியாருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 1935-இல் 'குடி அரசு' இதழிலேயே மாற்றிக் காட்டினார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ணொ, ணோ வகைகளையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகளை ஒழுங்குபடுத்தி ஆணையிட்டது. ஐ-யும் ஔ-வும் தப்பித்துக்கொண்டன.

ஆணை பாடப்புத்தகத்தைத் திருத்தியது. ஏற்கெனவே எழுதப் படித்த கைகளை அது என்ன செய்ய முடியும்? ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர் எழுதிய கடிதம் எதையாவது எடுத்துப் பாருங்கள். பழைய பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸ என்று ஒரே இழுப்பில் சுழித்துத் தள்ளியிருப்பார் பத்திர எழுத்தர். 'மேற்படி' என்று பக்கத்துக்கு முப்பது முறை எழுத வேண்டியவர் கண்டுபிடித்த சுருக்கு அது. அந்தச் சுழியில் ஒரு சோம்பலும் உண்டு, ஒரு மிடுக்கும் உண்டு. இவற்றுக்கு யுனிகோடில் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். போனில் தேடி எடுப்பதற்குள் மேற்படி என்றே எழுதிவிடலாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது சுவர்தான். எங்கள் தெரு முனையில் ஒருவர் சைக்கிள் கடைச் சுவரில் எழுதுவதைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாவதும் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நீலப் பொடி தடவிய நூலை இரண்டு ஆணிக்கு நடுவில் கட்டி, நடுவில் பிடித்துச் சுண்டுவார். சுவரில் கோடு விழும். சுண்ணாம்புக் கட்டியால் எழுத்துக்குக் கூடு போட்டுவிட்டு, தட்டைப் பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, சுண்டுவிரலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு ஒரே மூச்சில் கீழே இழுப்பார். வளைவு வரும்போது கை திரும்பாது, உடம்பு திரும்பும். கடைசியில் கறுப்பில் நிழல். புள்ளிகளை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு வரிசையாக வைத்துக்கொண்டே போவார், பொட்டு வைக்கிற மாதிரி. ஒருநாள் 'சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்' என்று ஆரம்பித்து, இடம் போதாமல் கடைசி மூன்று எழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றன. அதையும் அழிக்கவில்லை. ஓரத்தில் தன் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்தக் கு-வை ஊரில் எங்கே பார்த்தாலும் அவர் போட்டது என்று சொல்லிவிடலாம். பக்கத்து ஊருக்குப் போனால் வேறு கு. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கன்னியாகுமரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒரே கு. கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்கூட அதே கு.

கணினி எழுத்துருக்களைக் குறை சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. தொடக்க கால எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்தின் பட்டை நிப் பழக்கத்தை அப்படியே தமிழின் மேல் ஏற்றி, ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு என்று வைத்தார்கள். எழுத்தாணிக்கு அந்த வேறுபாடே தெரியாது. அது கீறியது ஒரே கனம். இப்போது வரைகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்கிறார்கள். தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவனார்' எழுத்துருவில் சாய்ந்து ஓடும் ஒரு கையெழுத்தின் நடை இருக்கிறது. ஆனால் எந்தக் கையெழுத்திலும் முதல் ம-வும் ஏழாவது ம-வும் ஒன்றுபோல் இருக்காது. ஏழாவதில் கை வலித்திருக்கும்.

போன மாதம் அம்மாவுக்குப் போனில் விரலால் எழுதும் வசதியைப் போட்டுக்கொடுத்தேன். கண்ணாடித் திரையில் முதலில் எழுதியது என் பெயர். அடுத்தது கடலை. தும்பிக்கையைத் தூக்கி லை போட்டாள். போன் அதை வேறென்னவோ எழுத்தாக்கியது. "ஏன்டா, இதுக்குத் தமிழ் தெரியாதா?" என்றாள். மறுபடி எழுதினாள், பெரிதாக. மறுபடியும் தப்பு. மூன்றாவது முறை, கொஞ்சம் யோசித்து, இணைக்கொம்பு போட்டு ல எழுதினாள். திரையில் கடலை வந்தது.

இப்போது போனில் அப்படித்தான் எழுதுகிறாள். நேற்று குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: கறிவேப்பிலை, கொத்தமல்லி, மாலை நாலு மணிக்குப் பால் வாங்கவும். இரண்டு இடத்திலும் தும்பிக்கை.