"உனக்கு என்ன வந்துச்சு?"



பிளஸ் டூ கணக்குப் பரீட்சை முடிந்து கடைசி மணி அடித்ததும் வாசலில் கேட்கும் முதல் வார்த்தை எது தெரியுமா? "ஏலே, அந்த அஞ்சு மார்க்குல உனக்கு என்ன வந்துச்சு?" என்பதுதான். வேப்பமரத்தடியில் நாலு பேர், சைக்கிள் ஸ்டாண்டில் ஆறு பேர், பஸ் ஸ்டாப்பில் ஒரு கூட்டம். பத்தே நிமிஷத்தில் பாதிப் பேர் முகம் வாடிவிடும். அடுத்த பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்து அழும். விடை தப்பு என்றால் அழுவதில் ஒரு நியாயம் உண்டு. ஆனா நுண்கணிதத்தில் பல நேரம் அழுத பிள்ளையின் விடையும் சரி, அழ வைத்தவன் விடையும் சரி! இந்தக் கூத்து எப்படி நடக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அழுகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இன்ஜினியரிங் கட்‑ஆஃப் 200-க்குக் கணக்கிடும்போது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதாவது கணக்கில் போகும் ஒரு மார்க், கட்‑ஆஃபில் முழுசா ஒரு மார்க். இயற்பியலில் போனால் அரை மார்க்தான். ஒரு அஞ்சு மார்க் கணக்கு போச்சு என்றால் வயிறு கலங்கத்தானே செய்யும்?

முதலில் ஒரு சின்ன விஷயம். ஒத்துப் பார்க்கும்போது நாம் ஒரே கேள்வியைத்தான் பேசுகிறோமா? இப்போதைய வினாத்தாளில் எழுத்துத் தேர்வு 90 மார்க். ஒரு மார்க் 20, அப்புறம் 2, 3, 5 மார்க்கில் ஏழேழு. அஞ்சு மார்க் ஏழுக்கும் "அல்லது" இருக்கும். ஒருத்தி (அ) எழுதியிருப்பாள், இன்னொருத்தி (ஆ) எழுதியிருப்பாள். இரண்டு பேரும் "நாற்பத்தி மூணு" என்று சொல்லியே அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்! ஒரு மார்க்கில் "நான் மூணாவது ஆப்ஷன் போட்டேன்" என்ற பேச்சும் அப்படித்தான். ஏ டைப், பி டைப் தாளில் வரிசை மாறியிருக்கும். ஆப்ஷன் எழுத்தைக் கேட்காதீங்க, விடையைக் கேளுங்க. (குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித் தாளிலேயே போட்டிருக்கிறது.)

இனி விஷயத்துக்கு வருவோம். சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் இரண்டையும் பெருக்கி வருவதைத் தொகையிடச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளை சைனை 'யு' என்று பிரதியிட்டாள். அவளுக்கு வந்தது சைன் வர்க்கத்தில் பாதி. அடுத்தவன் காஸை 'யு' என்று வைத்தான். அவனுக்கு வந்தது மைனஸ் காஸ் வர்க்கத்தில் பாதி. மூன்றாமவன் கெட்டிக்காரன், அதையே சைன் 2எக்ஸில் பாதி என்று மாற்றிப் போட்டான். அவனுக்கு மைனஸ் காஸ் 2எக்ஸில் கால்வாசி. மூன்று பேர், மூன்று விடை. ஒருத்தன் மைனஸ் என்கிறான், ஒருத்தி பிளஸ் என்கிறாள்!

எக்ஸுக்கு 0 போட்டுப் பாருங்கள். முதல் விடை 0, இரண்டாவது −1/2, மூன்றாவது −1/4. சரி, 90 பாகை போடுங்கள். முதல் விடை 1/2, இரண்டாவது 0, மூன்றாவது 1/4. எண்கள் வேறுதான். ஆனா கூடியது எவ்வளவு? மூன்றும் சரியா அரைதான் கூடியிருக்கு. முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயும் அரை, இங்கேயும் அரை. நம்ம ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் வள்ளமும் விசைப்படகும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கிடக்கும். ஒன்றின் தளம் தாழ்ந்திருக்கும், ஒன்றின் தளம் உயர்ந்திருக்கும். கடல் ஒரு சாண் ஏறினால் எல்லாம் அதே ஒரு சாண்தான் ஏறும். தொகையிடல் கேட்பது அந்த ஏற்றத்தை மட்டும். படகு எவ்வளவு உயரத்தில் கிடந்தது என்று கேட்கவில்லை. அந்த மிச்ச உயரத்துக்குத்தான் "பிளஸ் சி" என்று பெயர்.

அதனால்தான் சார் ஒவ்வொரு வகுப்பிலும் "சி எங்கல?" என்று கத்துகிறார். சி போட்டால் மூன்று விடையும் ஒரே குடும்பம். சி போடாவிட்டால் மூன்றும் நிஜமாகவே வேறு வேறு விடை!

அதே கணக்கில் 0 முதல் 90 பாகை வரை என்று எல்லை கொடுத்துவிட்டால் கதை மாறிவிடும். யார் எந்த வழியில் போனாலும் 1/2 வரணும். அங்கே விடை மாறினால் யாரோ ஒருத்தர் தப்புதான், சமாதானம் பேச முடியாது.

வகைக்கெழுச் சமன்பாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் ஜாஸ்தி. சி-யை ஒருத்தர் டேன் இன்வெர்ஸ் என்று எழுதுவார், ஒருத்தர் லாக் சி என்று எழுதுவார். கடைசி வரி பார்க்கவே சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். ஒரே வழிதான்: அவரவர் விடையை வகையிட்டுப் பாருங்கள். கேள்வியில் இருந்தது திரும்ப வந்தால் சரி. நண்பன் முகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

மாறுவீதக் கணக்குகளில் நம்ம ஊருக்கென்றே எழுதின மாதிரி இரண்டு உண்டு. 2019-க்கு முந்தைய பழைய புத்தகத்தில் ஒரு கப்பல் கணக்கு. மதியம் 12 மணிக்கு ஏ கப்பல், பி கப்பலுக்கு மேற்கே 100 கி.மீ. ஏ கிழக்கே மணிக்கு 35 கி.மீ., பி வடக்கே 25 கி.மீ. மாலை 4 மணிக்கு இடைத்தூரம் எவ்வளவு வேகமாக மாறுகிறது? ஒருத்திக்கு 195/√29. இன்னொருத்திக்கு 195√29/29. பகுதியிலிருந்த ரூட்டை மேலே ஏற்றிவிட்டாள், அவ்வளவுதான்; இரண்டும் சுமார் 36.2. மூன்றாமவளுக்கு 55/√29 வந்தால்தான் சிக்கல். 4 மணி நேரத்தில் ஏ 140 கி.மீ. போய்விட்டது. பி மதியம் நின்ற இடத்தைத் தாண்டி 40 கி.மீ. கிழக்கே நிற்கிறது. அதைக் கவனிக்காமல் "இன்னும் நெருங்குது" என்று ஒரு மைனஸ் போட்டால் 55 வரும். யாருக்காவது 75 என்று வந்தால் கணக்கே போட வேண்டாம்: 35-ம் 25-ம் கூட்டினாலே 60-தான், அதைவிட வேகமா இடைவெளி எப்படி மாறும்?

இரண்டாவது, இப்போதைய புத்தகத்தில் இருக்கிற உப்புக் கணக்கு. கன்வேயரிலிருந்து நிமிஷத்துக்கு 30 கன மீட்டர் உப்பு கொட்டி, கூம்பு மாதிரி குவிகிறது. உயரமும் அடிவிட்டமும் எப்பவும் சமம். உயரம் 10 மீட்டராகும்போது எவ்வளவு வேகமாக உயரும்? (நம்ம உப்பளத்து அம்பாரம் கூம்பாக இருக்காது, நீளவாட்டில் கூரை மாதிரி கிடக்கும். அதை விடுங்க.) விடை "6 பை 5 பை". முதல் பை வகுத்தல், இரண்டாவது பை வட்டத்துப் பை! பரீட்சை முடிந்து வாயால் சொல்லும்போது இதிலேயே பாதிச் சண்டை. சிலருக்கு 3/10பை வந்திருக்கும். அது விட்டத்தை ஆரமாக எடுத்ததால் வந்தது, அது தப்பேதான்.

இதைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கு. இந்தக் குவியலின் கன அளவு பை பெருக்கல் உயரத்தின் கனம், அதில் 12-ல் ஒரு பங்கு. அதை வகையிட்டால் வருவது பை பெருக்கல் உயரத்தின் வர்க்கம், அதில் 4-ல் ஒரு பங்கு. அது வேறொன்றுமில்லை, அடியில் இருக்கும் வட்டத்தின் பரப்புதான்! ஆக 30-ஐ அடிப்பரப்பால் வகுத்தால் போதும். ஆரம் 5 என்றால் பரப்பு சுமார் 78.5. வகுத்தால் 0.38 மீட்டர், அதாவது நிமிஷத்துக்கு 38 சென்டிமீட்டர். 6/5பை-யும் அதுவே.

விடையை ஒத்துப் பார்த்து மனஸ்தாபம் ஆனது நாம மட்டும் இல்லை. நியூட்டன் 1660-களிலேயே இந்தக் கணிதத்தைக் கண்டுபிடித்து வெளியிடாமல் வைத்திருந்தார். லைப்னிட்ஸ் தன் வழியில் கண்டுபிடித்து 1684-ல் வெளியிட்டார். யார் முதல் என்று பெரிய தகராறு. 1712-ல் லண்டன் ராயல் சொசைட்டி நியூட்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சங்கத்துக்கு அப்போ தலைவர் யார்? நியூட்டனேதான்! அந்த அறிக்கையில் பெரும்பகுதியைத் தயாரித்ததும் அவரே. ஆனா இன்று நாம் போடும் நீட்டின எஸ் மாதிரியான தொகைக் குறி லைப்னிட்ஸ் கொடுத்தது.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்க. திருத்துகிறவர் கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை, படிப்படியாகத்தான் மார்க் போடுவார். கடைசியில் கூட்டல் தப்பினால் அஞ்சும் போகாது. ரிசல்ட் வந்த பிறகும் சந்தேகம் இருந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் விடைத்தாள் நகல் கேட்கலாம். நகல் வாங்கினவங்கதான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. 1-ஐ 2எக்ஸால் வகுத்துத் தொகையிடச் சொன்னார்கள். ஒருத்தி லாக் எக்ஸில் பாதி, பிளஸ் சி என்றாள். ஒருத்தன் லாக் 2எக்ஸில் பாதி, பிளஸ் சி என்றான். இரண்டு பேரும் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சண்டை போடுகிறார்கள். யார் சரி? விடையைக் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி, வகுப்பு, பிரிவு குறிப்பிட்டு, இந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடுங்கள்.