பட்டுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

சோழர் கல்வெட்டுகளில் அலங்காரமெல்லாம் மன்னன் புகழ் பாடும் முகப்பான மெய்க்கீர்த்தியோடு சரி. இராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் திருமகளும் நிலமகளும் அவனுக்கு உரியவர்களாக வந்து நிற்பார்கள்; அதைத் தாண்டினால் கணக்குதான். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் நகைகளின் எடை உண்டு, கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் வீட்டு வரிசை உண்டு, தையல்காரருக்குக்கூடப் பங்கு உண்டு. காவிரிக்கரை நெசவின் புகழுக்கு இலக்கியத்தைத்தான் தேடிப் போக வேண்டும். புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பட்டிலும் மயிரிலும் பருத்தியிலும் நெய்தவர்களைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

நெசவாளர்களே தங்கள் தொழிலுக்குக் கல்லில் மெய்க்கீர்த்தி எழுதி வைத்த ஊர் மத்தியப் பிரதேசத்து மந்தசோர்; பழைய பெயர் தசபுரம். லாட தேசமான தென் குஜராத்திலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு, முதலாம் குமாரகுப்தன் காலத்தில், பொ.ஆ. 437 வாக்கில், அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியது. 473 வாக்கில் அதைப் பழுதுபார்த்தபோது வத்சபட்டி என்ற கவிஞரைக் கொண்டு சமஸ்கிருதத்தில் 44 பாடல்கள் இயற்றிப் பொறித்தது. ஊரை அணைத்து ஓடும் இரண்டு ஆறுகள் அவர் பாட்டில் மன்மதனைத் தழுவும் ரதியும் பிரீதியும் ஆகின்றன. நெசவாளர்களில் வில்லாளிகள், சோதிடர்கள், கதை சொல்வதில் வல்லவர்கள் உண்டு என்று பெருமை பேசுகிறார். உச்சம் இன்னொரு பாடல்: இளமையும் அழகும் வாய்த்த பெண், பொன்மாலையும் பூவும் வெற்றிலையும் இருந்தும், பட்டு உடுத்தாமல் காதலனைப் பார்க்கப் போகமாட்டாளாம். இன்றைய ஜவுளிக்கடை விளம்பரங்கள் இதைவிடப் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. கோயில் போய்விட்டது, விளம்பரம் நிற்கிறது.

தஞ்சை, அய்யம்பேட்டை, கும்பகோணம் பகுதிகளில் நாயக்கர் காலம் தொட்டு வாழும் பட்டுநூல்காரர்களான சௌராஷ்டிரர்களும் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்களே. மந்தசோர் நெசவாளர்களைத் தங்கள் முன்னோர் என்று சொல்வோர் அவர்களிடையே உண்டு. மொழியும் தொழிலும் அந்தத் திசையைக் காட்டினாலும், இடையில் கிடக்கும் சுமார் ஆயிரம் ஆண்டுகளை இணைக்க அவை மட்டும் போதாது.

டெல்டாவில் அவர்கள் கைவண்ணத்தின் தலைமை ஊர் கும்பகோணத்தை அடுத்த திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறி ஓடுகிறது. இங்கே நெய்த சேலையை விசிறி மடிப்பாக மடித்து வைப்பது வழக்கம். பிரித்துப் பார்க்காமலே முந்தியின் ஜரிகை கண்ணில் படும். அந்த ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து, அதாவது பழைய லாட தேசத்திலிருந்து, வருகிறது. திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.