காட்டோர ரோம மாளிகை

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில், காடு சூழ்ந்த சரிவில் இருக்கிறது செட்வொர்த் ரோம மாளிகை. 1864-ல், முயல் வளை தோண்டும்போது தட்டுப்பட்டது என்பார்கள். மண்ணை விலக்கினால், தரை முழுக்கச் சின்னஞ்சிறு வண்ணக் கற்கள் பதித்த சித்திரம்! குளிர் தேசமாயிற்றே... தரையைக் குட்டைத் தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் அடுப்பின் அனலை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு தரைச் சித்திரம் ஐந்தாம் நூற்றாண்டினது என்று 2020-ல் அறிவித்தார்கள். ரோம ஆட்சி முடிந்தபிறகும் சொகுசு குறையவில்லை போலும்! 1924 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு இந்த மாளிகையைப் பாதுகாக்கிறது. ரோமர்கள் தின்பதற்காகக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெரிய நத்தைகள் இன்னும் அங்கே ஊர்கின்றன. அனுமதியில்லாமல் அவற்றைப் பிடிப்பது இன்று சட்டப்படி குற்றம்.